சிப் அட்டையின் சாட்சியம்: ஒரு மறுப்பு

கடன் அட்டையின் முகப்பில் சிறு பொன்னிறத் தகடாகத் தெரியும் சிப், அட்டைதாரரின் பணத்துக்குக் காவல் என்று வங்கிகளும் பத்திரிகைகளும் பயணக் கையேடுகளும் ஒரே குரலில் சொல்லிவருகின்றன. காந்தப் பட்டையைப் படியெடுக்கலாம், சிப்பைப் படியெடுக்க முடியாது. ஆகவே சிப் படிக்கப்பட்டு, பின் எண் எனப்படும் இரகசிய எண்ணும் சரியாக இடப்பட்டு நடந்த பரிவர்த்தனையைச் செய்தவர் அட்டைக்கு உரியவராகவே இருக்க வேண்டும், இல்லையேல் தம் எண்ணைப் பிறர் அறியும்படி விட்ட கவனக்குறைவாளராக இருக்க வேண்டும் என்று இக்கருத்து ஓடுகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் இதிலிருந்து ஒரு கிளைக் கருத்து முளைத்தது: சிப்புக்கு முன்னதாகவே மாறிய ஐரோப்பா அட்டைக்குப் பத்திரமான இடம், 2015 வரை காந்தப் பட்டையையும் கையொப்பத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அமெரிக்கா ஆபத்தான இடம் என்பது அது.

இந்த வாதத்தின் முதல் கூற்று ஓர் எல்லைக்குள் உண்மை. அதிலிருந்து பெறப்படும் முடிவு உண்மையல்ல. சிப்பைப் படியெடுப்பது அரிது என்பதிலிருந்து, பணத்தை எடுத்தவர் அட்டைதாரர்தாம் என்பது பெறப்படாது. அட்டைக்கு உரியவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்பதும் பெறப்படாது. முப்பதாண்டுக்கு மேற்பட்ட சிப் அட்டை வரலாறு காட்டுவது வேறொன்று: சிப் திருட்டை ஒழித்ததைவிடத் திருட்டு நடக்கும் இடத்தை மாற்றியது, அதைவிட முக்கியமாக, திருட்டின் செலவைச் சுமப்பவர் யார் என்பதை மாற்றியது. அட்டைதாரரைக் காத்தது, எங்கெல்லாம் காக்கப்பட்டாரோ அங்கெல்லாம், இழப்பு யாரைச் சேரும் என்று எழுதிவைத்த சட்டமே.

சிப்புக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவது நேர்மை. காந்தப் பட்டையில் அட்டை எண், காலாவதி நாள், ஒரு சரிபார்ப்பு எண் ஆகியவை மாறாமல் பதிந்திருக்கும். அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதே தகவல்தான் வெளியே போகும் என்பதால், ஸ்கிம்மர் எனப்படும் சிறு படிப்பானை ஏடிஎம்மின் வாயில் பொருத்திவைப்பவரோ, மேசைக்கடியில் மறைத்து வைத்திருக்கும் உணவகப் பணியாளரோ அதை ஒருமுறை பதிந்துகொண்டால், வெற்று அட்டையில் ஏற்றி அசலைப்போலவே பயன்படுத்தலாம். சிப் அப்படியன்று, அது ஒரு சிறு கணினி. வெளியிலிருந்து படிக்க இயலாத இரகசியச் சாவி ஒன்று அதனுள் இருக்கிறது. அந்தச் சாவியை அட்டை வழங்கிய வங்கியும் அறியும். தொகை, தேதி, கடையின் கருவி அந்தக் கணத்தில் உருவாக்கித் தரும் ஒரு தற்செயல் எண், சிப் தன்னுள் ஒன்று ஒன்றாகக் கூட்டிவரும் பரிவர்த்தனை வரிசை எண் ஆகியவற்றைக் கொண்டு, அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் மறைக்குறியீட்டைச் சிப் கணிக்கிறது. வங்கியும் தனியே கணித்துப் பார்த்து, இரண்டும் ஒத்தால் பணத்தை அனுமதிக்கிறது. நேற்றைய குறியீடு இன்று செல்லாது. யூரோப்பே, மாஸ்டர்கார்டு, விசா ஆகிய மூன்றும் 1990களின் நடுவில் சேர்ந்து வகுத்ததால் அவற்றின் முதலெழுத்துகளால் இஎம்வி என்று வழங்கும் இம்முறை, கடையில் போலி அட்டை நீட்டும் மோசடியைப் போன இடமெல்லாம் வெகுவாகக் குறைத்தது. அமெரிக்காவில் 2015க்குப் பிறகு சிப் கருவிக்கு மாறிய கடைகளில் மூன்றாண்டுகளுக்குள் போலி அட்டை இழப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது என்று விசா அறிவித்தது. அதை ஐயுறக் காரணமில்லை.

ஆனால் மேலே சொன்ன விவரிப்பு முழுமையாகச் செல்லுபடியாக வேண்டுமானால் பல நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்தக் கணமே வங்கியைச் சென்றடைந்து சரிபார்க்கப்பட வேண்டும். அட்டையின் முதுகில் காந்தப் பட்டை இருக்கக் கூடாது. கடைக் கருவி நேர்மையானதாக இருக்க வேண்டும். வங்கியின் கணினி ஊடுருவப்படாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டை அந்த இடத்தில் இருக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் ஒரே நாட்டில் நிறைவேறிய காலம் என்று ஒன்று சிப் அட்டையின் வரலாற்றில் எளிதில் அகப்படாது.

சிப் அட்டையின் பிறப்பிடமான பிரான்சிலேயே இதைக் காணலாம். ரோலான் மொரேனோ 1974இல் அங்கு நினைவகச் சிப் அட்டைக்குக் காப்புரிமை பெற்றார். 1990களின் தொடக்கத்தில் பிரெஞ்சு வங்கி அட்டைகள் எல்லாம் சிப்புக்கு மாறின. பத்தாண்டு முடிவதற்குள் செர்ஜ் அம்பிஷ் என்ற பொறியாளர், அந்த அட்டைகளின் உண்மைத்தன்மையைச் சான்றளிக்கும் 320 பிட் எண் ஒன்றை அதன் பகாக் காரணிகளாகப் பிரித்து, வங்கியைத் தொடர்புகொள்ளாமலேயே கருவிகள் ஏற்கும் அட்டைகளைத் தாமே உருவாக்கிப் பாரிஸ் மெட்ரோவின் பயணச்சீட்டு இயந்திரத்தில் சீட்டு வாங்கிக் காட்டினார். குறைபாட்டை விளக்கும் தொழில்நுட்பத்தை வங்கிகளுக்கு விற்க முன்வந்த அவருக்கு 2000இல் பத்து மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் செய்தது குற்றமா என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது, படியெடுக்க இயலாது என்று நாடு முழுவதும் நம்பப்பட்ட அட்டை அந்த நம்பிக்கைக்குத் தகுதியில்லாதிருந்தபோதே, அந்த நம்பிக்கையை வைத்து அட்டைதாரரின் மறுப்பு எடைபோடப்பட்டது என்பதே.

பிரிட்டன் இதைவிடத் தெளிவான பாடம். 2003இல் நார்த்தாம்ப்டனில் சோதித்துப் பார்த்துவிட்டு மறு ஆண்டு நாடெங்கும் பரப்பிய சிப்பும் பின் எண்ணும் சேர்ந்த முறை, 2006 பிப்ரவரி 14 முதல் கடைகளில் கட்டாயமாயிற்று. அந்நாட்டு வங்கிகளின் அமைப்பு வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொண்டால், 2004இல் ஏறத்தாழ 50 கோடி பவுண்டாக இருந்த அட்டை மோசடி இழப்பு 2008இல் 61 கோடி பவுண்டைத் தொட்டது. தொலைந்த, களவுபோன அட்டைகளால் வந்த இழப்பு பாதியாயிற்று. அது சிப்பின் வெற்றி. ஆனால் அட்டை நேரில் இல்லாமல் தொலைபேசியிலும் இணையத்திலும் எண்ணை மட்டும் சொல்லி நடக்கும் மோசடி 15 கோடியிலிருந்து 33 கோடியளவுக்கு ஏறி இரு மடங்கைத் தாண்டியது. பிரிட்டிஷ் அட்டைகளைக் கொண்டு வெளிநாடுகளில் நடந்த மோசடி 9 கோடியிலிருந்து 23 கோடியானது. விந்தையாக, சிப் ஒழிக்க வந்த போலி அட்டை இழப்பே 13 கோடியிலிருந்து 17 கோடியாக உயர்ந்தது.

இந்த விந்தைக்குக் காரணம் உண்டு. சிப் ஆதரவாளர்கள் பெரிதும் பேசாமல் விடும் பகுதியும் இதுதான். கையொப்பம் நடப்பில் இருந்தவரை பின் எண்ணை ஏடிஎம்மில் மட்டுமே இட வேண்டியிருந்தது. புதிய முறையோ அதைப் பெட்டிக்கடை முதல் பெட்ரோல் நிலையம் வரை ஒவ்வொரு கருவியிலும் இடச் செய்தது. தொடக்ககால அட்டைகளின் சிப், காந்தப் பட்டையில் உள்ளவற்றின் நகலையும் கருவிக்குத் தந்துகொண்டிருந்தது. ஆக, கருவி ஒன்றைத் திறந்து உள்ளே ஒட்டுக்கேட்கும் சுற்றைப் பொருத்தியவருக்குப் பட்டையின் தகவலும் பின் எண்ணும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைத்தன. அதைக் கொண்டு காந்தப் பட்டை அட்டை செய்து, சிப்பைக் கேட்காத ஏதோ ஒரு நாட்டின் ஏடிஎம்மில் பணம் எடுப்பது எளிதாயிற்று. முறை கட்டாயமான மூன்றே மாதங்களில், 2006 மே மாதத்தில், பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் களவுபோனதைக் கண்ட ஷெல் நிறுவனம் தன் 600 பெட்ரோல் நிலையங்களில் பின் எண் கேட்பதை நிறுத்திவைத்துக் கையொப்பத்துக்கே திரும்பிப் போனது. அட்டையின் முகத்தில் புதிய பூட்டு, முதுகில் பழைய திறந்த வாசல். அந்த வாசலின் சாவியோ இப்போது ஊரில் உள்ள எல்லாக் கடைக்காரர் கையிலும்.

2008க்குப் பிறகு இழப்பு சில ஆண்டுகள் இறங்கியது. அண்டை நாடுகளும் சிப்புக்கு மாறியதும், சிப்பில் உள்ள சரிபார்ப்பு எண்ணைப் பட்டையில் உள்ளதிலிருந்து வேறாக்கியதும் அதற்கு உதவின. ஆனால் 2016இல் அது மீண்டும் 62 கோடி பவுண்டை நெருங்கியது. அதில் பத்தில் ஏழு பங்கு அட்டை நேரில் இல்லாத மோசடி. அட்டையால் நடக்கும் மொத்த வணிகமும் இதற்கிடையில் பெருகிவிட்டதால் நூறு பவுண்டுக்கு இழப்பு குறைந்திருக்கிறது என்று மறுதரப்பினர் சொல்வது சரியே. சரியென்றாலும், சிப் எதைக் காக்கவில்லையோ அங்கே திருட்டு குடிபெயர்ந்துவிட்டது என்ற உண்மையை அந்த விகிதம் மாற்றவில்லை.

இதுவரை சொன்னது சிப்பைச் சுற்றிப்போன திருட்டு. சிப்பின் வழியாகவே நடந்த திருட்டும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் மர்டாக், சார் டிரைமர், ராஸ் ஆண்டர்சன், மைக் பாண்ட் ஆகிய நால்வர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இஎம்வி உரையாடலில் ஓர் ஓட்டையைக் காட்டியது. கடையில் பின் எண்ணை இடும்போது கருவி அதைச் சிப்பிடம் கொடுத்துச் சரிதானா என்று கேட்கிறது. சிப் தரும் 'சரி' என்ற பதில் எந்த மறைக்குறியீட்டாலும் காக்கப்படவில்லை. திருடிய அட்டைக்கும் கருவிக்கும் இடையில் ஒரு சிறு மின்சுற்றை நுழைத்தால், எந்த நான்கு இலக்கத்தை இட்டாலும் அந்தச் சுற்றே கருவிக்குச் 'சரி' என்று சொல்லிவிடும். சிப்போ தன்னிடம் எண் கேட்கப்படவே இல்லை, கையொப்பம் வாங்கப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டு உண்மையான மறைக்குறியீட்டைக் கொடுத்துவிடும். பின் எண் தெரியாத திருடர் பொருளை எடுத்துச் செல்வார். ரசீதில் பின் எண் சரிபார்க்கப்பட்டது என்று அச்சாகியிருக்கும். எண்ணை வங்கியே நேரடியாகச் சரிபார்க்கும் ஏடிஎம்மில் இது பலிக்காது, கடைகளில் பலித்தது.

வங்கித் துறையின் எதிர்வினை, ஆய்வைவிடவும் அறிவூட்டக் கூடியது. இவ்வளவு சிக்கலான கருவியைக் குற்றவாளிகள் செய்யமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் அட்டை நிறுவனங்களின் சங்கம், இத்தாக்குதலை விவரிக்கும் மாணவர் ஆய்வேடு ஒன்றை இணையத்திலிருந்து அகற்றும்படி பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. ஆண்டர்சன் மறுத்ததோடு, அந்த ஆய்வேட்டைத் துறையின் தொழில்நுட்ப அறிக்கையாகவே வெளியிட அனுமதித்தார். குற்றவாளிகள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பிரான்சில் திருடிய அட்டைகளின் சிப்பை வெட்டியெடுத்து, அதன்மேல் மற்றொரு சிப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டி, பெரும்பாலும் எல்லை தாண்டிப் பெல்ஜியத்தில் பயன்படுத்திய கும்பல் ஒன்று, ஏறத்தாழ 40 அட்டைகளைக் கொண்டு 7,000 பரிவர்த்தனைகளில் 6 லட்சம் யூரோவை நெருங்கும் தொகையைச் சுருட்டியது. அந்த அட்டைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்களின் கட்டுரை 2015இல் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் அட்டையைத் தொலைத்து, பின் எண்ணை யாருக்கும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தவர் ஒருவரிடம் எந்த வங்கி அதிகாரியாவது 'அது நடக்கவே முடியாது' என்று சொல்லியிருந்தால், அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை, ஆனால் சொன்னது பொய்.

2012இல் அதே ஆய்வுக்குழு இன்னொன்றையும் கண்டது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கருவி தர வேண்டிய தற்செயல் எண், சில ஏடிஎம்களில் தற்செயலாக இல்லாமல் முன்கூட்டிக் கணிக்கக்கூடியபடி ஏறிக்கொண்டு போனது. அந்த எண்ணைக் கணித்துவிட்ட ஒரு கடைக்காரர், தம் கடையில் அட்டை செருகப்பட்ட நேரத்திலேயே வேறோர் இடத்துக்கும் வேறொரு நாளுக்குமான மறைக்குறியீடுகளைச் சிப்பிடமிருந்து கறந்துவைத்துக்கொள்ள முடியும். வங்கியின் பதிவேட்டில் அது அசல் சிப்பின் அசல் குறியீடாகவே விழும். சாவியை யாரும் திருடவில்லை, சிப்பை யாரும் படியெடுக்கவில்லை.

இனி மையமான கேள்விக்கு வரலாம்: இழப்பு யாருடையது? கையொப்பக் காலத்தில் பிரிட்டனில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட விடை இருந்தது. 1882ஆம் ஆண்டின் மாற்றுச்சீட்டுச் சட்டப்படி போலிக் கையொப்பம் கையொப்பமே அல்ல. போலிக் காசோலைக்குப் பணம் கொடுத்த வங்கி தன் பணத்தைத்தான் கொடுத்தது, வாடிக்கையாளரின் பணத்தை அல்ல. கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். வல்லுநரை அழைத்து நீதிமன்றத்தில் வாதிடவும் முடியும். பின் எண்ணுக்கோ உருவமில்லை. யார் இட்டாலும் ஒரே எண்தான். சரியான எண் விழுந்தது என்று வங்கியின் கணினி சொன்னால், வாடிக்கையாளர் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார் என்பதற்கு அதுவே சான்றாகக் கொள்ளப்பட்டது. 2009இல் நாட்டிங்ஹாம் மாவட்ட நீதிமன்றத்தில், தாம் எடுக்காத சுமார் 2,100 பவுண்டைத் திரும்பக் கேட்டு ஒருவர் தம் வங்கியின்மேல் தொடுத்த வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. அசல் அட்டையோ, சிப் கணித்த மறைக்குறியீடோ சோதனைக்கு உட்படுத்தப்படாமலேயே, அச்சிட்ட பதிவு வரிகளும் வங்கித் தரப்பு விளக்கமும் போதுமெனக் கொள்ளப்பட்டு அவர் தோற்றார்.

இந்த மனப்பாங்கு சிப்புக்கும் மூத்தது. 1990களில், தம் கணக்கிலிருந்து தாம் எடுக்காத பணம் போனதாக முறையிட்ட பிரிட்டிஷ் காவலர் ஒருவர்மேல் மோசடி முயற்சி என்று குற்றம் சாட்டி, வங்கியின் கணினி தவறாது என்ற ஒரே அடிப்படையில் தண்டித்தார்கள். மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு வல்லுநர் தன் கணினியை ஆராய வங்கி அனுமதிக்க மறுத்ததால்தான் 1996இல் அவர் விடுதலையானார். தலைகீழ் மாதிரி அமெரிக்காவில் உண்டு. 1980இல் நியூயார்க்கில் ஒரு பெண், 800 டாலர் எடுக்கப்பட்ட நேரத்தில் தாம் பணியிடத்தில் இருந்ததாக வேலை கொடுத்தவரின் கடிதத்தோடு வழக்காடினார். நம்பத்தக்க மனிதர் ஒருவரின் சொல்லுக்கு எதிராகக் கணினியின் அச்சுத்தாளைத் தூக்கிப் பிடிக்க நீதிபதி மறுத்துவிட்டார்.

அமெரிக்க அட்டைதாரருக்கு நல்ல நீதிபதி வாய்க்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. அவர் அனுமதியின்றிக் கடன் அட்டை பயன்படுத்தப்பட்டால் அவருடைய பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது என்று அந்நாட்டுச் சட்டம் 1970 முதலே வரையறுத்துவிட்டது. பயன்படுத்தியது அவர்தாம் என்று மெய்ப்பிக்க வேண்டியதும் வங்கியே. கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் போகும் டெபிட் அட்டைக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் தரும் காப்பு இதைவிடக் குறைவு. இரண்டு நாளுக்குள் தெரிவித்தால் 50 டாலர், தாமதித்தால் 500, கணக்கறிக்கை வந்து அறுபது நாளும் கடந்தால் வரம்பில்லை. ஆக, 2006ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், படியெடுக்க எளிதான பட்டை அட்டையை வைத்திருந்த சிகாகோவாசியின் பணம், படியெடுக்க அரிதான சிப் அட்டையை வைத்திருந்த லண்டன்வாசியின் பணத்தைவிடப் பத்திரமாக இருந்தது. உலக அட்டை மோசடி இழப்பில் அமெரிக்காவின் பங்கு அதன் வணிகப் பங்கைவிடப் பெரிது என்பது மெய்தான்; ஆனால் அந்த இழப்பு வங்கிகளின் ஏட்டிலும் வணிகர்களின் ஏட்டிலும் விழுந்தது, ஓய்வூதியர் ஒருவரின் கணக்கில் விழவில்லை. நாட்டின் மொத்த இழப்பும் தனி மனிதரின் ஆபத்தும் இரண்டு வேறு அளவைகள்; பயணக் கையேடுகள் இவற்றைக் குழப்பிவிட்டன.

2013இன் இறுதியில் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி அட்டைகளின் தகவல் களவுபோன பிறகு அமெரிக்காவும் சிப்புக்கு விரைந்தது. 2015 அக்டோபர் 1 அன்று அங்கே நடப்புக்கு வந்த விதி, சிப் அட்டை கட்டாயம் என்று கூறவில்லை. சிப் அட்டையைப் பட்டையாகத் தேய்த்து மோசடி நடந்தால், வங்கியோ வணிகரோ, எத்தரப்பு சிப்புக்கு மாறவில்லையோ அத்தரப்பே இழப்பைச் சுமக்கும் என்று மட்டுமே கூறியது. சிப்பின் வேலை எது என்பதை அட்டை நிறுவனங்களே இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் எழுதிவைக்கவில்லை. 50 டாலர் வரம்பு சட்டத்தில் இருந்ததால் அந்தப் பங்கீட்டில் வாடிக்கையாளரின் தலை உருளவில்லை.

இதற்கு ஒரு கனமான எதிர்வாதம் உண்டு: இழப்பு தம்மைச் சேராது என்று தெரிந்தால் மக்கள் அட்டையைக் கவனமின்றிக் கையாள்வார்கள், பொய் முறையீடுகளும் பெருகும் என்பது. 2024இல் மறைந்த ராஸ் ஆண்டர்சன் 1993ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை எழுதினார். வாடிக்கையாளரை நம்பவேண்டிய கட்டாயத்தில் இருந்த அமெரிக்க வங்கிகள் திவாலாகிவிடவில்லை. ஏடிஎம்மில் கேமரா வைத்து, விதிமீறும் ஊழியர்களைக் கண்டறியும் முறைகளை வளர்த்து, பாதுகாப்பில் அக்கறை காட்டின. வாடிக்கையாளர்மேல் பழிபோட முடிந்த பிரிட்டிஷ் வங்கிகளோ தம் உள்வீட்டுக் குறைகளைப் பார்க்காமலே இருந்துவிட்டன. கவனக்குறைவு தொற்றும் என்றால், அது தண்டனைக்கு அஞ்சத் தேவையில்லாதவரைத்தான் தொற்றும்; அந்த இடத்தில் இருந்தது வங்கி. ஐரோப்பிய ஒன்றியம் இதைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தது. அட்டையும் எண்ணும் பயன்பட்டதாக வங்கியிடம் உள்ள பதிவு மட்டுமே, உரியவர் ஒப்புதல் அளித்தார் என்பதற்குப் போதிய சான்றாகிவிட வேண்டியதில்லை என்று 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் ஆணை வகுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2009 நவம்பரில்.

வெளிநாட்டுப் பயணத்தில் சிப்பின் பயன் பாதுகாப்பைவிட வசதி சார்ந்தது என்று சொல்வதே பொருந்தும். ஆளில்லாத இயந்திரங்கள் அதை எதிர்பார்க்கின்றன. பட்டை அட்டையோடு போன அமெரிக்கர்கள் பாரிஸின் வாடகை மிதிவண்டி நிலையங்களிலும் பிரெஞ்சு, டச்சு ரயில் நிலையங்களின் சீட்டு இயந்திரங்களிலும் திகைத்து நின்றதற்கு அதுவே காரணம். மறுபுறம், அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் இயந்திரம் ஐந்திலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும்போது, ஆறிலக்கக் குறியீட்டு ஊரிலிருந்து போன இந்தியரின் சிப் அட்டை உதவாமல், உள்ளே போய்ப் பணியாளரிடம் முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

இந்திய அட்டைதாரரின் நிலை இன்னும் கூர்மையானது. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2009 ஆகஸ்ட் முதல் இணையப் பரிவர்த்தனைக்குக் கூடுதல் சரிபார்ப்பு, அதாவது நடைமுறையில் கைபேசிக்கு வரும் ஓடிபி, கட்டாயமாயிற்று. 2018 இறுதிக்குள் பட்டை அட்டைகளைச் சிப் அட்டைகளாக மாற்றவும் ஆணையிடப்பட்டது. ஆனால் ஓடிபி விதி வெளிநாட்டு வணிகர்களைக் கட்டவில்லை. அட்டை மதுரையில் சட்டைப்பையில் இருக்க, அதன் எண் அட்லாண்டிக்குக்கு அப்பால் ஓர் இணையக் கடையில் ஓடிபி இன்றிச் செல்லுபடியாகிவிடும். சிப் அங்கே வேடிக்கை பார்க்கக்கூட இல்லை. இந்த இடைவெளியை 2026 அக்டோபர் 1க்குள் அடைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஆணையிட்டது 2025இல்தான். புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் தொடக்கத்தில் அணைந்திருக்க வேண்டும், வேண்டியவர் வேண்டியபோது திறந்துகொள்ளலாம் என்று 2020 ஜனவரியில் வகுத்த எளிய விதி, சிப் செய்யாத வேலையைச் செய்தது. ஊர் திரும்பியதும் அந்தத் திறப்பை மூடிவிடும் பயணி, தம் சிப்பைவிட அந்தப் பொத்தானுக்கே நன்றி சொல்ல வேண்டும்.

வங்கியின் கணினியே விழுந்துவிட்டால் சிப்பும் பின் எண்ணும் அர்த்தமற்றவை என்பதைப் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 2018 ஆகஸ்டில் காட்டியது. ஏடிஎம் கோரிக்கைகளுக்கு விடை சொல்லும் கணினியின் இடத்தில் தீநிரல் அமர்ந்துகொண்டு கேட்டதற்கெல்லாம் ஆம் என்றது, 28 நாடுகளின் ஏடிஎம்களில் படியெடுத்த அட்டைகள் செருகப்பட்டன, அட்டைகள் வழியாக மட்டும் ஏறத்தாழ ரூ. 80 கோடி போயிற்று. பணம் வங்கியின் பொதுக் கணக்கிலிருந்து போனதால் அது வங்கியின் இழப்பு என்பதில் ஐயம் எழவில்லை. அதே தீநிரல் சில நூறு பேரின் சேமிப்புக் கணக்குகளைச் சிறுகச் சிறுகத் தொட்டிருந்தால், அந்தச் சில நூறு பேரும் தத்தம் கிளை மேலாளரிடம் 'எண்ணை யாருக்குச் சொன்னீர்கள்' என்ற கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கேள்விக்கு எதிரான அரணாக ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, சிப்பைப் பற்றிய எந்த விளம்பரத்தையும்விட மதிப்புடையது. குறை வங்கியுடையதானால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. இருவரிடமும் குறையில்லாத மூன்றாந்தரப்பு மோசடியானால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாளுக்குள் என்றால், ரூ. 5 லட்சம் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு ரூ. 10,000, அதற்கு மேற்பட்டதற்கு ரூ. 25,000 என்று பொறுப்புக்கு அது உச்சவரம்பு வகுத்தது. மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது. ஆனால் இதிலும் இரண்டு ஓட்டைகள். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று முடிவாகிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் முழுதும் அவருடையதே. சிப்பும் பின் எண்ணும் பயன்பட்டன என்ற பதிவு அந்த முடிவுக்கு வங்கிகள் எடுக்கும் குறுக்குவழி. மேலும், நாள்கணக்கைத் தொடங்கிவைக்கும் குறுஞ்செய்தி இந்தியக் கைபேசி எண்ணுக்குப் போகிறது. வெளிநாட்டில் உள்ளூர் சிம்மைப் போட்டுக்கொண்டு பழையதைப் பெட்டிக்குள் வைத்துவிட்ட பயணி அதைக் காண்பது ஊர் திரும்பிய பிறகுதான். கிடைத்த நாள் என்பது அனுப்பிய நாளா, பார்த்த நாளா என்ற தகராறு அங்கேயே தொடங்கிவிடும்.

மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது என்றால் எதைக் கொண்டு மெய்ப்பிப்பது என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை. 'சிப் படிக்கப்பட்டது, பின் எண் சரி' என்ற ஒற்றை வரி சான்றாகாது என்பதற்கு 2010, 2012 ஆய்வுகளே போதும். சான்றாகக் கூடியவை வேறு இருக்கின்றன: அந்தப் பரிவர்த்தனையின் மறைக்குறியீடு, எண் எவ்வழியில் சரிபார்க்கப்பட்டது என்று சிப் தன் தரப்பில் சொன்னதற்கும் கருவி தன் தரப்பில் சொன்னதற்கும் உள்ள பொருத்தம், கருவி தந்த தற்செயல் எண், சிப்பின் பரிவர்த்தனை வரிசை எண். அட்டை உரியவரிடமே இருந்து, மோசடிக்கு முன்னும் பின்னும் அவர் செய்த செலவுகளின் வரிசை எண்களுக்கு நடுவே விளக்கமில்லாத இடைவெளி விழுந்திருந்தால், அவர் அறியாமல் சிப்பிடமிருந்து குறியீடு கறக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்துக்கு அது இடமளிக்கும். இவற்றில் பெரும்பகுதி வங்கிக்கு வந்துசேரும் தகவலே. அட்டைதாரரிடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே முறையிடுபவர் தம் முதல் கடிதத்திலேயே இவற்றை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். அட்டையை வெட்டி எறியச் சொன்னால் மறுத்து அதைப் பத்திரப்படுத்த வேண்டும். வங்கி முப்பது நாளில் விடை தராவிட்டால், அல்லது அந்த ஒற்றை வரியையே விடையாகத் தந்தால், கட்டணமின்றி அணுகக்கூடிய ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். வங்கியிடமிருந்து தகவலையும் ஆவணங்களையும் கேட்டுப் பெறும் அதிகாரம் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த திட்டப்படி குறைதீர்ப்பாளருக்கு உண்டு.